தோலுக்கு உள்ளே மூன்றே சொல்

போன வருஷம் ஒரு விடியக்காலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். எங்கள் லயத்து வாசலில், அதாவது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில், ஆட்டோவில் ஏற்றும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நெஞ்சு அடைக்குதுப்பா." வார்டில் இருந்த இளம் டொக்டர் "கொஹேத ரிதென்னே?" என்று கேட்டார், எங்கே வலிக்கிறது என்று. நான்தான் மொழிபெயர்ப்பாளன். "பப்புவ" என்றேன். நெஞ்சுக்குச் சிங்களத்தில் அதுதானே சொல்?

அம்மாவின் கை இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை. விலா எலும்புகள் இரண்டு பக்கமும் பிரிகிற இடத்துக்குக் கீழே, நெஞ்சுக்குழியில், கொஞ்சம் வலப்பக்கமாக ஐந்து விரலையும் அழுத்திப் பிடித்திருந்தார். அது மார்பே இல்லை, மேல்வயிறு. ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. மாரடைப்பு வலி நெஞ்சுக்குழியிலும் வரும், தாடையிலும் வரும், இடது கையிலும் வரும்; முதலில் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இதயத்தில் ஒன்றும் இல்லை. மத்தியானம் வேறொரு டொக்டர் வந்து, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கி, மூச்சை இழுக்கச் சொன்னார். அம்மா பாதி மூச்சில் "ஐயோ" என்று நிறுத்திவிட்டார். மறுநாள் ஸ்கேனில் பார்த்தால் பித்தப்பையில் கல்.

இதில் என்னை இன்றைக்கும் குத்துவது வேறொன்று. அதற்கு முன்பு ஆறு மாதமாக அம்மா வலது தோள்பட்டைக்குக் கீழே முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் கூடை சுமந்த முதுகு, வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்டோம். பித்தப்பையில் கோளாறு என்றால் அந்த இடத்திலும் வலிக்கலாம் என்பது, விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அப்போது உறைக்கவில்லை. உள்ளுறுப்பிலிருந்து வரும் நரம்பும் தோலிலிருந்து வரும் நரம்பும் முள்ளந்தண்டில் ஒரே மட்டத்தில் போய்ச் சேருகின்றன. மூளைக்குத் தோலின் விலாசம்தான் பழக்கம், வலியை அங்கே போட்டுவிடுகிறது. வீட்டு இலக்கம் இல்லாத லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கடிதம் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். நம் ஆட்களுக்கு உடம்பின் பெயர் தெரியாது என்று படித்தவர்கள் சொல்கிறார்களே, அது பாதிப் பொய். தோலுக்கு வெளியே நம்மிடம் இருக்கிற சொல்லுக்குக் கணக்கே இல்லை. உச்சந்தலை, நெற்றிப்பொட்டு, பிடரி, தாவாக்கட்டை, கக்கம், விலா, அடிவயிறு, புறங்கை, கெண்டைக்கால், கணுக்கால், குதிங்கால். கைப்பூட்டு விலகிவிட்டது என்றால் எந்த இடம் என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் தோலைத் தாண்டி ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டால் மூன்றே சொல்தான்: நெஞ்சு, வயிறு, நரம்பு. எல்லா வருத்தத்தையும் இந்த மூன்றுக்குள் அடைத்துவிடுகிறோம்.

அதிலும் இந்த நரம்பு இருக்கிறதே! சேலைன் ஏற்ற வரும் நர்ஸ் "நரம்பு கிடைக்கல" என்கிறார். அவர் தேடுவது இரத்தம் ஓடுகிற குழாய். மலையில் சறுக்கிக் கால் பிசகினால் "நரம்பு சுளுக்கிருச்சு" என்கிறோம். அங்கே இழுபட்டிருப்பது எலும்போடு எலும்பைக் கட்டுகிற நார். உண்மையான நரம்பு, மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் சேதி கொண்டு போகிறது, மூன்றாவது ஆள். பாவம், அதற்கென்று தனியாக ஒரு பெயர் கூட நாம் வைக்கவில்லை.

இது வெறும் சொல் தகராறு இல்லை. கொழுந்து பறிக்கிற எத்தனை பேர் ராத்திரியில் கை விறைத்துப்போகிறது, உதறினால்தான் சரியாகிறது என்கிறார்கள். "கை நரம்பு வீக்காயிருச்சு" என்று டொனிக் வாங்கிக் குடிக்கிறார்கள். எந்த விரல் விறைக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால், பெரும்பாலும் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகளுக்கும் ஒரு பட்டைக்கும் நடுவே போகும் ஒரு நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு வேறு வழி. முழங்கையில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இழுக்குமே, அது அந்த இரண்டாவது நரம்பு. டொக்டரிடம் "கை விறைக்குது" என்பதற்கும் "இந்த மூணு விரல் விறைக்குது" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இன்னொன்று. விரல்களுக்குள் அவற்றை அசைக்கிற தசை கிடையாது. நம்பாவிட்டால் இடது கையால் வலது முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொழுந்து கிள்ளுகிற மாதிரி விரலை ஆட்டிப் பாருங்கள். உள்ளே துடிப்பது தெரியும். அங்கிருந்து நீளும் கயிறுதான் விரலை இழுக்கிறது. மிச்ச வேலையை உள்ளங்கையில் இருக்கிற சின்னத் தசைகள் பார்க்கின்றன. எங்கள் அப்பாயி வாழ்நாள் முழுக்க விரலுக்கு நல்லெண்ணெய் தேய்த்தார். வேலை செய்து களைத்தது முழங்கைப் பக்கம்.

சரி, உள்ளே இருப்பது நமக்கு முற்றிலும் தெரியாதா? தெரியும், ஆட்டில். தீபாவளிக்கு முதல் நாள் லயத்தில் ஆடு வெட்டிப் பங்கு போடும்போது நின்று பார்த்த பிள்ளைக்கு ஈரல் எது, நுரையீரல் எது, குண்டிக்காய் (சிறுநீரகம்) எது என்று காட்டத் தேவையில்லை. நுரையீரல் பஞ்சு மாதிரி, தண்ணீரில் போட்டால் மிதக்கும். குண்டிக்காய் குடலோடு கிடக்காது, முதுகுப் பக்கம் கொழுப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கும் அதே இடம்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கைப்பிடி அளவு, வலது பக்கத்தது கொஞ்சம் கீழே. ஈரல் வலது விலாவுக்குள்ளே, பெரிய ஆளுக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட. இதயம் இடது பக்கம் என்று சத்தியம் செய்யும்போது கையை வைக்கிறோமே, அது கிட்டத்தட்ட நடுவில் இருந்து இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. சிறுகுடலை நீட்டினால் ஆறு மீற்றர் வரும். ஆனால் வகுப்பில் இதையெல்லாம் ஆட்டை வைத்துச் சொன்னால் "சேர், ஆடும் நாமும் ஒண்ணா?" என்று சிரிப்பு.

பாடப்புத்தகம் வேறு உலகம். எலும்பு அங்கே என்பு. நம் புத்தகத்தில் களம், வாதனாளி, சதையி. பிள்ளை வீட்டுக்குப் போய்த் தமிழ்நாட்டு யூடியூப் வகுப்பைப் போட்டால் உணவுக்குழாய், மூச்சுக்குழாய், கணையம். மூன்றும் அதே மூன்றுதான். நாடி என்றால் நம் புத்தகத்தில் இதயத்திலிருந்து இரத்தம் கொண்டு போகும் குழாய், அங்கே அது தமனி, வீட்டில் பாட்டிக்கு நாடி என்றால் வைத்தியர் கை பிடித்துப் பார்ப்பது. நான் இப்போது கரும்பலகையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். பரீட்சைக்கு எது, வீட்டுக்கு எது என்று பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். தூய தமிழ்ச் சண்டைக்கு எனக்கு நேரமில்லை. கிட்னி என்று சொன்னால் தோட்டத்தில் எல்லோருக்கும் புரிகிறது, புரியட்டும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டொக்டர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அந்தக் காலத்தில்தான் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொற்கள் இந்த மலைக்கு ஏறி வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. வந்ததும் புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

பெண்களின் உடம்பு பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. நான் படித்த பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "இதை வீட்டில் வாசிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் தள்ளினார்கள். வீட்டில் யார் சொல்வது? சிறுநீர் வரும் வழி வேறு, மாதவிலக்கும் குழந்தையும் வரும் வழி வேறு என்று தெரியாமலே மூன்று பிள்ளை பெற்றவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். "கீழ ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கு மேல் டொக்டரிடம் சொல்ல அவர்களிடம் சொல் இல்லை, இருந்தாலும் மகனை மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்கள்? தமிழும் அரச கரும மொழி என்று சட்டத்தில் எழுதியாயிற்று. ஆனால் வார்டில் அந்த நேரத்துக்குத் தமிழ் தெரிந்த ஒரு பெண் இருப்பது இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அம்மாவுக்கு ஒப்பரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். பித்தப்பை இல்லாமலும் வாழலாம், பித்தநீரை ஈரல்தான் சுரக்கிறது என்று நான் விளக்கியதில் பாதியை மட்டும் நம்பினார். போன கிழமை லயத்தில் அடுத்த காம்பரா (அறை) அத்தை நெஞ்சு வலி என்று வந்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டார்: "மேலயா, குழியிலயா? கைய வச்சுக் காட்டு அண்ணி."

கடைசியாக ஒரு உதவி. இடது விலாவுக்குள் ஒளிந்திருக்கும் மண்ணீரலுக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிப் பெயர்தான்: சுவரொட்டி. இரத்தம் ஊறும் என்று சுட்டுக் கொடுப்பார்கள். உங்கள் தோட்டத்தில் அதற்கு என்ன பெயர்? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள், வகுப்புக்கு வேண்டும்.