கீமோவுக்குப் பின் அக்குள் கணுக்கள்: ஒரு திருத்தம்

'மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து எடுக்கும் ஸ்கேனில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் சாதாரணமாகத் தெரிந்தால், அங்கே அறுவை சிகிச்சை தேவையில்லை' என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஸ்கேனுக்குப் புலப்படாத சிறு எச்சங்கள் கணுக்களுக்குள் இருக்கலாம். கணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே அதை உறுதிசெய்ய முடியும்.

அதற்காக எல்லாக் கணுக்களையும் அகற்றியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 2013இல் வெளியான இஸட்1071 ஆய்வில், தொடக்கத்தில் கணுக்களில் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்டிருந்த பெண்களில் சுமார் 41 விழுக்காட்டினருக்கு, கீமோவுக்குப் பின் அங்கே புற்றணுக்கள் எஞ்சவில்லை. இவர்களுக்கு முழு அகற்றலால் நன்மை குறைவு. கைவீக்க அபாயமோ அதிகம். ஆனால் அதே ஆய்வில், நோய் எஞ்சியிருந்தவர்களில் 12.6 விழுக்காட்டினருக்குச் சென்டினல் கணுக்களை (புற்றணுக்கள் முதலில் சென்றடையக்கூடிய சில கணுக்களை) மட்டும் சோதித்தபோது அது தெரியாமல் போனது. ஆகவேதான் பல மையங்களில் கீமோவுக்கு முன்பே நோயுற்ற கணுவில் அடையாளத்துக்காகச் சிறு கிளிப் ஒன்றைப் பொருத்தி, பின்னர் அந்தக் கணுவையும் சென்டினல் கணுக்களையும் சேர்த்து எடுக்கிறார்கள். தவறவிடும் வாய்ப்பு இதனால் குறைகிறது.

இந்தச் சோதனையைத் தவிர்ப்பதில் இன்னொரு இழப்பும் உண்டு (பலரும் இதைக் கவனிப்பதில்லை): நோய் எஞ்சியிருப்பது தெரிந்தால், ஹெர்2 வகையினருக்கு (ஹெர்2 என்ற புரதம் மிகுந்த புற்று) டி-டிஎம்1, டிரிபிள் நெகட்டிவ் வகையினருக்குக் (ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாத, ஹெர்2 மிகுதியும் இல்லாத புற்று) கேப்சிடபின் என அடுத்த மருந்தே மாறக்கூடும். ஸ்கேன் அறிக்கையை மட்டும் நம்பி அறுவையை மறுக்குமுன், கிளிப் பொருத்தப்பட்டதா என்று அறுவை நிபுணரிடம் கேளுங்கள்.