கேமராவைப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்புங்கள்

போன நவம்பரில் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் குறும்படப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு தினம். அதையொட்டி மாணவர்களைப் பத்து நிமிடத்துக்குள் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களோடு பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மொத்தம் 23 படங்கள். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன்.

23இல் 16 படங்களில் அந்தப் பெண் கடைசியில் செத்துப் போகிறாள். பெரும்பாலும் தற்கொலை. பின்னால் வயலின் அழுகிறது. திரை கறுப்பாகிறது. 'பெண்மையைப் போற்றுவோம்' என்று வெள்ளை எழுத்து வருகிறது. அரங்கத்தில் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், கைதட்டுகிறார்கள், அடுத்த படம் ஓடுகிறது.

இடைவேளையில் ஒரு பையனிடம் கேட்டேன், ஏன்ப்பா அவளைச் சாகடிச்சே என்று. "அப்பத்தான் மேடம் பாக்குறவங்க மனசுல நிக்கும்" என்றான். அவன் நல்ல பையன். பத்து நாள் ராத்திரி கண்விழித்து, கைக்காசைப் போட்டு எடுத்த படம் அது. அவன் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் வருகிற பெண்களில் பெரும்பாலானோர் உயிரோடு இருப்பவர்கள். ராத்திரி அடி வாங்கிவிட்டுக் காலையில் ஐந்து மணிக்குக் குழாயடியில் குடத்தோடு நிற்பவர்கள். கன்னத்து வீக்கத்துக்குப் பல்வலி என்று சொல்லிவிட்டு மில் வேன் ஏறுபவர்கள். அவர்கள் வாழ்க்கையில் வயலின் வாசிக்காது. அடியும்கூடத் தினமும் விழாது. அவள் சம்பளம் ஏறும் ஏடிஎம் கார்டு கணவன் சட்டைப்பையில் இருக்கும். போனில் யார் யாரிடம் பேசினாள் என்று அவன் ராத்திரி எண்ணிப் பார்ப்பான். அம்மா வீட்டுக்குப் போக பஸ் காசு கேட்டால் இரண்டு நாள் வீட்டில் யாரும் அவளோடு பேச மாட்டார்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இதையெல்லாம் வன்முறை என்றுதான் சொல்கிறது. உடல் மீதான வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறை, பொருளாதார வன்முறை என நான்கையும் அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் பார்த்த 23 படங்களில் ஒன்றில்கூட அந்த ஏடிஎம் கார்டு வரவில்லை.

செத்துப் போகிற பெண்ணையே திரும்பத் திரும்பக் காட்டினால், உயிரோடு இருப்பவள் அதைப் பார்த்துவிட்டு "நம்ம வீட்டுல அந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல" என்று நினைத்துக்கொள்கிறாள். இதைப் பெண்கள் என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

குறும்படம் நம் ஊரில் வளர்ந்த விதத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சி வந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் அந்த வழியாகத்தான் சினிமாவுக்குள் வந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதிலிருந்து குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் காட்டுகிற விசிட்டிங் கார்டு என்றாகிவிட்டது. எனவே திறமை எங்கே பளிச்சென்று தெரியுமோ அங்கே கேமரா போகிறது. கிழிந்த ஜாக்கெட், ஸ்லோமோஷனில் விழும் அறை, உடைந்த வளையல். வன்கொடுமைக் காட்சியை மூன்று நிமிடம் எடுத்திருந்தது ஒரு குழு. அரங்கத்தின் பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். ஏன் போனாள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. படம் எடுத்தவர்கள் அவளைப் போன்ற ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பாள் என்று முன்பே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு படத்தில் 'உண்மைச் சம்பவம்' என்று போட்டு ஊர்ப் பெயர், அந்தப் பெண் படித்த வகுப்பு என எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆவது பிரிவு. பெயரை மாற்றினால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஊரும் தெருவும் தெரிந்தால் பெயர் எதற்கு? பொள்ளாச்சி வழக்கில் 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் வெளியே போனது நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்கு நடுவில் ஆறு வருடம். புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எத்தனை பெண்கள் அந்த ஒரு தவறால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, வேறு எப்படித்தான் எடுப்பது என்று அந்தப் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. நான் அவனுக்கு 2008இல் வந்த 'பெல் பஜாவோ' படங்களைப் பற்றிச் சொன்னேன். மணியை அடி என்று அர்த்தம். பிரேக்த்ரூ என்ற அமைப்பு எடுத்த மிகச் சின்னப் படங்கள் அவை. ஒரு வீட்டுக்குள்ளிருந்து அடிக்கும் சத்தமும் பெண்ணின் அலறலும் கேட்கின்றன. வெளியே இருக்கும் ஆண் ஒருவர் அதைக் கேட்கிறார். கொஞ்சம் தயங்குகிறார். பிறகு போய் அந்த வீட்டு பெல்லை அடிக்கிறார். ஒரு படத்தில் கொஞ்சம் பால் கேட்கிறார். இன்னொன்றில் கிரிக்கெட் ஆடும் பையன் பந்து கேட்கிறான். மற்றொன்றில் ஒருவர் ஒரு போன் பண்ணிக்கொள்ளலாமா என்கிறார். அவ்வளவுதான். உள்ளே நடப்பதை நமக்குக் காட்டுவதே இல்லை. வசனமும் பாட்டும் இல்லாமல் கதவைத் திறந்தவன் முகத்தில் 'இவனுக்குத் தெரிந்துவிட்டது' என்பது தெரியும், சத்தம் நின்றுவிடும். இந்தப் படங்கள் டிவியில் வந்ததோடு நிற்கவில்லை. கர்நாடகம், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் என்று வேன் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

அந்தப் படங்களை நான் முதலில் பார்த்தபோது என்னைத் தைத்தது ஒன்றுதான். அவற்றில் பெண்ணைத் திருத்தவோ, தைரியமாக இரு என்று அவளுக்குப் புத்தி சொல்லவோ இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவரைப் பார்த்துத்தான் அந்தப் படங்கள் பேசின.

சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பது நாம்தானே. "புருஷன் பொண்டாட்டி சண்டை, நடுவுல போகாதே." "அடிக்கிற கைதான் அணைக்கும்." எத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்கும் அது 29. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நாட்டளவில் வெறும் 14 சதவீதம். மற்றவர்கள் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுச் சத்தம் யாருக்குமே கேட்டிருக்காதா? ஒட்டிக் கட்டிய காம்பவுண்டு வீடுகள் நம்முடையவை. பக்கத்து வீட்டில் கடுகு தாளிப்பது கேட்கும் நமக்கு அது மட்டும் கேட்காமல் போகுமா?

இதைச் சட்டம் போட்டவர்களும் யோசித்திருக்கிறார்கள். அதே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, குடும்ப வன்முறை நடக்கிறது அல்லது நடக்கப் போகிறது என்று நம்புவதற்குக் காரணம் உள்ள எவரும் இந்தச் சட்டத்துக்கென்றே அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்றும் அதிலேயே இருக்கிறது. நான் பேசப் போகிற இடங்களில் இதைச் சொன்னால், படித்தவர்கள்கூட "அப்படியா?" என்கிறார்கள். இதை வைத்து ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லையே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

எடுக்கவில்லை என்று முழுதாகச் சொல்லிவிடக் கூடாது. அந்த 23இல் ஒன்று இருந்தது. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் செல்போனில் எடுத்த நாலு நிமிடப் படம். ஒரு குடும்பம் ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுகிற சத்தம். அப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். மறுபடி ஒரு சத்தம், ஒரு அழுகை. மறுபடி கூட்டுகிறார். ஆறு வயதுப் பெண் குழந்தை திரையில் ஏறும் எண்ணையே பார்க்கிறாள், 22, 30, 41. திடீரென்று கரண்ட் போகிறது. இருட்டில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது அந்தப் பக்கத்துச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. படம் அங்கேயே முடிகிறது. முதல் பரிசுக்கு மற்ற நடுவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, "கதை முடியவே இல்லையே" என்றார்கள். நான் அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டு ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன்.

தை மாதம் நத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் குழுக் கூட்டத்தில் அதைப் போட்டோம். சமுதாயக் கூடத்துச் சுவரில் வேட்டி கட்டி, சின்ன புரொஜெக்டர். முப்பது பெண்கள் இருப்பார்கள். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் வயதான ஒரு அம்மா சொன்னார், "எங்க வீட்டுல டிவி ரிப்பேரு. நாங்க சன்னலைச் சாத்திக்குவோம்." அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ரொம்ப மெதுவாகக் கேட்டாள், "எங்க வீட்டுச் சத்தமும் உங்களுக்குக் கேட்டுச்சா பெரியம்மா?"

"கேட்டுச்சு தாயி" என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு நான் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அவர்களே பேசினார்கள். தனியாகப் போனால் அவன் நம் மேல் பாய்வான் என்றாள் ஒருத்தி. இரண்டு பேராகப் போகலாம் என்றாள் இன்னொருத்தி. என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது? குழம்புக்குப் புளி கேட்கலாம். குழாயில் தண்ணி வந்துவிட்டதா என்று கேட்கலாம். குழுப் பணம் கட்ட நாளைக்குக் கடைசி நாள் என்று சொல்லலாம். பெல் பஜாவோ பற்றி நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. நாலு நிமிடப் படத்திலிருந்து அவர்களாகவே அங்கே வந்து சேர்ந்தார்கள்.

இப்படி நன்றாக நடந்ததை மட்டும் சொன்னால் நேர்மையாக இருக்காது. சில வருடம் முன்பு வேறொரு ஊரில் நடுத்தெருவில் பெரிய திரை கட்டிப் படம் போட்டோம். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லாரும் இருந்தார்கள். படம் முடிந்ததும் மைக்கை நீட்டி, யாராவது பேசுங்கள் என்றோம். ஒரு பெண் எழுந்து தன் வீட்டில் நடப்பதைச் சொல்லிவிட்டாள். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கூட்டத்தில் அவள் கொழுந்தன் நின்றிருந்தான். ஒன்பது மணிக்கு நாங்கள் வேனைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு என்ன நடந்தது என்று நாலு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது எங்கள் தவறு, முழுக்க எங்கள் தவறு. அன்றிலிருந்து பெண்களுக்குத் தனியாக, ஆண்களுக்குத் தனியாகத்தான் போடுகிறோம். மைக் கிடையாது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்திலிருந்து யாராவது கூட வராமல் படம் போடுவதில்லை. ஒரு வாரத்துக்குள் வேறு ஏதாவது வேலையாக அதே ஊருக்குத் திரும்பப் போவோம்.

குறும்படத்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு பாகிஸ்தானின் ஷர்மீன் ஒபைத் சினாய் எடுத்த 'எ கேர்ள் இன் த ரிவர்' நினைவுக்கு வர வேண்டும். காதலித்து மணந்ததற்காகத் தன் வீட்டாராலேயே சுடப்பட்டு, ஆற்றில் வீசப்பட்டு, பிழைத்து வந்த ஒரு இளம்பெண்ணின் கதை அது. 2016இல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. பாதிக்கப்பட்டவர் தரப்பு மன்னித்தால் கொலைகாரன் வெளியே வந்துவிடலாம் என்று அங்கே இருந்த ஓட்டையை அந்த வருடம் அக்டோபரில் சட்டத் திருத்தம் அடைத்தது. படம் மட்டுமே அதைச் செய்யவில்லை. பெண்கள் அமைப்புகள் பல வருடமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். பிரதமரே உட்கார்ந்து பார்க்கும்படி விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது படம்.

இந்த வருடமும் நவம்பர் வரப் போகிறது. கல்லூரிகளில் அறிவிப்பு ஒட்டுவார்கள். படம் எடுக்கப் போகும் பிள்ளைகளே, கதை எழுதும் முன்பு ஒரு நாள் உங்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போங்கள், பாதுகாப்பு அலுவலரிடம் பேசுங்கள், அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். போட்டி நடத்தும் பேராசிரியர்களே, பரிசு கொடுத்ததும் படத்தை யூடியூபில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். உங்கள் கல்லூரியைச் சுற்றிப் பத்து கிராமம் இருக்கும், அங்கே கொண்டுபோங்கள். கடைசியில் வெள்ளை எழுத்தில் என்ன போடுவது என்று யோசித்தால், பெண்கள் உதவி எண்ணான 181ஐப் போடுங்கள், அது போதும்.

அந்த நத்தம் பக்கத்துக் கிராமத்தில் அடுத்த வாரம் ஆண்களுக்குப் போட்டோம். பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள், யாரும் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மில் வேன் ஓட்டும் ஒருவர் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். "ஏம்மா, அந்த நம்பருக்கு ஆம்பளைங்க பேசலாமா?" என்றார். "யாரு வேணா பேசலாம்ணே" என்றேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து 181 என்று அழுத்திப் பதிந்துகொண்டார். பெயர் போடும் இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'எதிர் வீடு' என்று தட்டினார்.