அக்காளும் தங்கையும் சேர்ந்து விளையாட ஓர் இடம்

ஒரு விளையாட்டுத் திடல் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதா என்று அறிய நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். நடக்க முடியாத ஒரு குழந்தையும் ஓடியாடித் திரியும் அதன் தங்கையும் அங்கே ஒரே சாதனத்தில், ஒரே நேரத்தில், சேர்ந்து விளையாட முடிகிறதா? முடியாது என்றால், அங்கே எத்தனை சிறப்புச் சாதனங்கள் இருந்தாலும், அந்தத் திடலை அமைத்தவர்களின் வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

என் மூத்த மகளுக்குப் பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில்தான் வெளியே வருவாள். இளையவள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். மாலையில் இருவரையும் கீழே அழைத்துச் சென்றால், ஒருத்தி ஏணியில் ஏறி மறைந்துவிடுவாள், மற்றொருத்தி என் பக்கத்திலேயே இருந்து அவள் இறங்கி வரும் வரை காத்திருப்பாள். உடன்பிறந்தவர்கள் வீட்டில் ஒரே பொம்மைக்குச் சண்டை போடுகிறார்கள். விளையாட்டுத் திடலில் அந்தச் சண்டைக்குக்கூட வாய்ப்பில்லை என்பதுதான் என் வருத்தம்.

சிங்கப்பூரில் இதற்கான முயற்சி இல்லாமல் இல்லை. எல்லாத் திறனுடைய சிறுவர்களும் விளையாடுவதற்கான முதல் திடல் 2015ஆம் ஆண்டில் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் திறக்கப்பட்டது. அங்கே என்னைக் கவர்ந்தது ராட்டினம். அதன் தட்டு தரையோடு தரையாக இருப்பதால், சக்கர நாற்காலியை யாரும் தூக்க வேண்டியதில்லை. உருட்டிக்கொண்டே உள்ளே போய்விடலாம். மற்றக் குழந்தைகள் சுற்றி நின்று தள்ளலாம், ஓடி வந்து ஏறிக்கொள்ளலாம். இது யாருக்கு உரியது என்ற கேள்வியே அங்கே எழாது.

சக்கர நாற்காலியோடு ஏற்றி ஆட்டும் மேடை ஊஞ்சலை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது கனமான இரும்பு மேடை. ஆடும்போது குறுக்கே வரும் சிறு குழந்தையை மோதினால் பெரிய காயம் உண்டாகும் என்பதால், சில நாடுகளில் அதைச் சுற்றி வேலி போட்டு, கதவைப் பூட்டி, சாவி உள்ளவர்கள் மட்டுமே பயன்படுத்தும்படி செய்திருக்கிறார்கள். வேலிக்குள் ஒரு குழந்தை தனியாக ஆட, மற்றவர்கள் வெளியே நின்று பார்க்கிறார்கள். நாற்காலியை விட்டு இறங்கவே முடியாத குழந்தைகளுக்கு அந்த ஊஞ்சல் தரும் இன்பத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு திடலில் முதலில் வாங்க வேண்டியது அதுவன்று. பெரிய வலைக்கூடை போன்ற ஊஞ்சலில் இரண்டு மூன்று பேர் படுத்துக்கொண்டே ஆடலாம். முதுகை நிமிர்த்தி உட்கார இயலாத என் மகளும் தங்கையின் தோளில் சாய்ந்துகொண்டு ஆடலாம். அதற்கு வேலியும் சாவியும் தேவையில்லை.

சாதனங்களுக்கு முன்பே தரையைப் பற்றி யோசிக்க வேண்டும். தோ பாயோவில் இன்றும் நிற்கும் பழைய டிராகன் விளையாட்டுத் திடலை நம்மில் பலர் பாசத்தோடு நினைக்கிறோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய கோர் இயன் கீ 1979ஆம் ஆண்டில் வடிவமைத்த அந்த டிராகனைச் சுற்றி இருப்பது மணல். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் மணலில் சக்கரம் புதைந்துவிடும். பின்னாளில் வந்த ரப்பர் தரைகள், விழும் குழந்தையைக் காப்பதற்காகவே போடப்பட்டிருந்தாலும், சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் வழி திறந்துவிட்டன. நம் வெயிலில் அந்த ரப்பர் கொதிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தவழ்ந்து விளையாடும் பெரிய குழந்தைகளுக்கு நிழற்கூரை அழகுக்காக அமைப்பது அன்று, அது கட்டாயத் தேவை. மணலையும் முற்றிலும் துறக்க வேண்டியதில்லை. முழங்கால் உள்ளே நுழையும் உயரத்தில் ஒரு மணல் மேசை வைத்தால், நின்றுகொண்டிருக்கும் குழந்தையும் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் எதிரெதிரே இருந்து அளையலாம்.

சாய்தளம் என்பது பலரும் நினைப்பதைவிடச் சிக்கலானது. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயரக் கூடாது என்பதே பொதுவான விதி. அப்படியானால் ஒரு மீட்டர் உயர மேடைக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். புளோக்குகளுக்கு இடையே உள்ள சிறிய இடத்தில் அது எங்கே கிடைக்கும்? இதனால்தான் பல வடிவமைப்பாளர்கள் மேடையைக் கைவிட்டு, சாதனங்கள் அனைத்தையும் தரையிலேயே பரப்பிவிடுகிறார்கள். அது எளிய வழி. ஆயினும் உயரத்தில் நின்று கீழே பார்க்கும் ஆசை என் மகளுக்கும் உண்டு. சிறு மண்மேடு ஒன்றை எழுப்பி, அதைச் சுற்றி மெல்ல ஏறும் பாதை அமைத்து, மேட்டின் சரிவிலேயே அகலமான சறுக்குமரத்தைப் பதித்துவிட்டால், ஏணியே இல்லாமல் எல்லாரும் உச்சிக்குப் போகலாம். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து சறுக்கலாம்.

சக்கர நாற்காலியோடு இந்தப் பேச்சு முடிந்துவிடக் கூடாது. மதியிறுக்கமுள்ள குழந்தைக்கு, கூட்டத்தில் சேருமுன் திடலை ஒரு சுற்று சுற்றிப் பார்க்க ஒரு பாதையும், இரைச்சல் தாங்க முடியாதபோது ஒதுங்கி உட்கார ஒரு சிறு கூடும் வேண்டும். அந்தக் கூட்டிலிருந்து விளையாட்டைப் பார்க்க முடிய வேண்டும். திடீரென்று சாலையை நோக்கி ஓடும் குழந்தை உள்ள வீட்டாருக்கு, சுற்றுவேலியும் ஒரே வாசலும் இருந்தால்தான் நெஞ்சு படபடக்காமல் உட்கார முடியும். பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் உராய்வதால் உண்டாகும் நிலை மின்சாரம், கேட்பதற்காகச் செவியுள் கருவி (காக்ளியர் இம்பிளான்ட்) பொருத்திய குழந்தையின் கருவியைப் பாதிக்கலாம் என்பதால், சறுக்குவதற்கு முன் அதன் வெளிப்பகுதியைக் கழற்றி வைக்கும்படி பெற்றோருக்கு அறிவுறுத்துகிறார்கள். விளையாட்டின் மிக மகிழ்ச்சியான கணத்தில் அந்தக் குழந்தைக்குத் தோழியின் குரல் கேட்காது. உருளைகள் கொண்ட சறுக்குமரத்தையோ வழவழப்பான கல் சறுக்குமரத்தையோ அமைத்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும்.

உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா ஒப்பந்தத்தைச் சிங்கப்பூர் 2013ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது. உடற்குறையுள்ள சிறுவர்கள் மற்றச் சிறுவர்களுக்குச் சமமாக விளையாட்டில் பங்கேற்க வேண்டும் என்று அதன் 30ஆம் பிரிவு சொல்கிறது. பெரிய பூங்காவில் இப்படி ஒரு திடல் இருப்பதால் அந்தச் சமநிலை வந்துவிடாது. மற்றக் குழந்தைகள் பள்ளிப் பையை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கினால் விளையாடலாம். என் மகளுக்கோ வாரயிறுதியும், டாக்சியும், மழை இல்லாத வானமும் ஒன்றுகூடி வர வேண்டும். அன்றாடம் சந்திக்கும் பிள்ளைகளோடுதான் நட்பு வளரும். தீவின் மறுகோடியில் என்றோ ஒரு நாள் பார்த்த முகத்தோடு வளராது.

ஆகவே புளோக்கின் அடியில் இருக்கும் சிறு திடல்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் போன்றவற்றில் வீட்டு உரிமையாளர்களில் 75 விழுக்காட்டினரின் ஆதரவு கிடைத்த பிறகே பணி தொடங்குகிறது. அதற்கு முன் வரைபடங்களைக் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் நம் தமிழ்க் குடும்பங்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. சிறப்புத் தேவையுடைய பிள்ளை இருக்கும் வீடுகளில் தயக்கம் இன்னும் கூடுதல். சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்களோ என்று பிள்ளையைக் கீழே அழைத்து வரவே தயங்கும் அம்மாக்களை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இல்லாத வீட்டார் அந்தக் கூட்டத்துக்குப் போய் அவர்களுக்காகப் பேசலாம் அல்லவா? வரைபடத்தைக் காட்டும் அதிகாரியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மின்தூக்கியிலிருந்து ராட்டினம் வரை ஒரு படிகூட இல்லாமல் போக முடியுமா? எந்தச் சாதனத்தில் இரண்டு குழந்தைகள் சேர்ந்து விளையாடலாம்? பிற்பகல் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழும்?