பில்லில் 3200, ஓடுவது 2400

இருந்த வேகமும் போச்சு! போன வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு விண்டோஸில் ரேம் வேகம் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்ததும் என் வாயில் வந்தது இதுதான். காசைக் கொட்டி ரேம் வாங்கி, லேப்டாப்பின் அடிமூடியை நெம்பித் திறந்து, கட்டைவிரல் நகம் பிய்ந்து, அத்தனையும் எதற்கு? அதுவரை 2933 வேகத்தில் ஓடிய ரேம் 2400-இல் ஓடுவதற்கு.

என் லேப்டாப்பின் பிராசசர் இன்டெல் ஐ5, 10300எச். பத்தாம் தலைமுறை. உள்ளே ஒரே ஒரு 8 ஜிபி ரேம். பிரவுசரில் பத்து டேபும் ஒரு எக்செல் கோப்பும் திறந்தால் மவுஸ் அம்பு நொண்டும். சரி, இன்னொரு 8 ஜிபி போட்டுவிடலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று, ஸ்டிக்கரைத் தவிர ஒன்றுமில்லாத சாதாரணப் பச்சைப் பலகை. இன்னொன்றின் மேல் கறுப்பு ஸ்டிக்கர், அதில் சிவப்பு மின்னல். "இது கேமிங் ரேம் சார், செம ஸ்பீடு. முந்நூறு ரூபாதான் கூட." நான் விளையாடுவது சீட்டாட்டம் மட்டும்தான். ஆனாலும் மின்னலுக்கு மயங்கினேன், அது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு ஸ்குரூவையும் கழற்றி, மூடியின் ஒவ்வொரு கிளிப்பும் 'படக்' என்று விடும்போதெல்லாம் உடைந்தே போயிற்று என்று நடுங்கி, பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேமைச் சாய்வாகச் செருகி அமுக்கினேன். இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. பத்து விநாடி, இருபது விநாடி, ஒரு நிமிஷம். குலதெய்வம் வரைக்கும் வேண்டிவிட்டேன். புது ரேம் போட்டால் முதல் தடவை மதர்போர்டு அதைச் சோதித்துப் பழகிக்கொள்ளும் வரை திரை கறுப்பாகத்தான் இருக்குமாம். இதை ரேம் வந்த அட்டையில் ஒரு வரி அச்சடித்தால் குடியா முழுகிவிடும்?

அப்புறம் விண்டோஸ் வந்தது. 16 ஜிபி காட்டியது. அதற்குக் கீழேதான் அந்த 2400.

உள்ளே என்ன ஓடுகிறது என்று காட்டும் சிபியு-இசட் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால் இன்னும் மோசம், 1197 என்கிறது! பாதி வேகமும் போச்சா என்று ஒரு கணம் நெஞ்சு அடைத்தது. டிடிஆர் ரக ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் அனுப்புவதால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டுமாம். ஒரே ரேம், மூன்று இடத்தில் மூன்று எண்: ஸ்டிக்கரில் 3200, டாஸ்க் மேனேஜரில் 2400, இதில் 1197.

அதிலேயே எஸ்பிடி என்று ஒரு பக்கம் இருக்கிறது. திருட்டு அங்கேதான் பிடிபட்டது. ஒவ்வொரு ரேமிலும் ஒரு குட்டிச் சிப் உண்டு. நான் இன்னின்ன வேகத்தில் ஓடுவேன் என்று அது போர்டுக்குச் சொல்லும். என் மின்னல் ரேம் ஜெடெக் என்ற பொதுத் தரப்படி சொல்வது 2400 வரைதான். 3200 தனியாக, அந்தத் தரத்துக்கு மேல் ஓட்டுவதற்கான எக்ஸ்எம்பி என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் என்ற செட்டிங் பக்கத்துக்குள் போய் நாமே அதை இயக்கினால்தான் உண்டு. போனேன். தேதி மாற்றலாம், பாஸ்வேர்ட் போடலாம், எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று சொல்லலாம், கீபோர்டு விளக்கைக்கூட அணைக்கலாம். ரேமைப் பற்றி இருப்பது எத்தனை ஜிபி என்று காட்டும் ஒரே ஒரு வரி. அதையும் தொட முடியாது.

இதில் கொடுமை, பழைய ரேமும் சேர்ந்து 2400-க்கு இறங்கிவிட்டது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடியாக வேண்டும். ஒரே நுகத்தில் பூட்டினால் நல்ல மாடும் நொண்டி மாட்டின் நடைதானே நடக்கும்?

இன்னொன்று கேளுங்கள். எக்ஸ்எம்பி கிடைத்திருந்தாலும் எனக்கு 3200 வந்திருக்காது. இந்த பிராசசருக்கு உச்சமே 2933. இதே வரிசையில் எட்டு, ஒன்பதாம் தலைமுறை என்றால் 2666, பதினொன்றில்தான் 3200. "உங்க லேப்டாப்ல என்ன பிராசசர் சார்?" என்று விற்கும்போது ஒரு வார்த்தை கேட்டானா அந்தப் பையன்?

மறுநாள் கடைக்குப் போன் போட்டேன். "ஸ்டிக்கர்ல 3200 போட்டிருக்கா சார்? அப்ப 3200தான்." லேப்டாப் கம்பெனியின் கஸ்டமர் கேரில் பயாஸ் அப்டேட் பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன், ஒரு எண்கூட அசையவில்லை. மறுபடி கூப்பிட்டால், "மூடியை நீங்களே திறந்தீங்களா சார்? வாரண்டி போயிடும்" என்று மிரட்டல். என் லேப்டாப்பின் வாரண்டி போய் மூன்று வருஷம் ஆகிறதம்மா!

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், லேப்டாப் முன்பைவிட வேகமாகத்தான் இருக்கிறது. ஒற்றை ரேம் 2933-இல் விநாடிக்கு ஏறக்குறைய 23.4 ஜிபி கடத்தும்; ஜோடியாகப் போட்டால் இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் தகவல் போவதால் 2400-இலேயே 38.4. காகிதக் கணக்குதான், ஆனாலும் டேப்கள் இப்போது திணறவில்லை. அதற்காக வயிற்றெரிச்சல் அடங்குமா? 3200-க்குத்தானே காசு கொடுத்தேன்? மெல்லிய லேப்டாப் வாங்கிய என் மச்சான் வேறு, "என்னுதுல ரேம் போர்டோட ஒட்டியே வருது மாமா, இந்தத் தலைவலியே இல்ல" என்கிறான். ஆயுசுக்கும் அந்த 8 ஜிபிதான் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை கடையிலேயே போய் நின்று, அரை மணி நேரம் கத்தி, மின்னலைக் கொடுத்துவிட்டு அந்தப் பச்சைப் பலகையை வாங்கி வந்தேன். ஜெடெக் தரத்திலேயே 3200 எழுதிய சாதாரண ரேம். மறுபடி பன்னிரண்டு ஸ்குரூ, மறுபடி ஒரு நிமிஷ இருட்டு. டாஸ்க் மேனேஜரில் 2933 வந்துவிட்டது. வித்தியாசக் காசு முந்நூறைத்தான் திருப்பித் தர மாட்டேன் என்றார் கடைக்காரர். பதிலுக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் கொடுத்தார். அதில் சார்ஜ் மட்டும்தான் ஏறுகிறது, ஃபைல் போகவில்லை.