மாதம் 7,500-ஐத் தாண்டியவரிடம் 2%, ஐந்து லட்சம் வாங்குபவரிடம் 0.04%

சம்பளச் சீட்டில் ‘தொழில் வரி’ என்று ஒரு வரி இருக்கும். அதிகம் வாங்குபவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. கவனிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

சென்னையில் இது அரையாண்டு வருமானத்தை வைத்துப் போடப்படுகிறது. 21,000 வரை இல்லை. 30,000 வரை 180 ரூபாய், 45,000 வரை 425, 60,000 வரை 930, 75,000 வரை 1,025, அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 1,250. ஆண்டுக்கு இரண்டு முறை.

இனி சதவீதமாகப் பாருங்கள். மாதம் 7,500-ஐ லேசாகத் தாண்டியவருக்கு 2.07%. 12,600 வாங்குபவருக்கு 1.65%. ஒரு லட்சம் வாங்குபவருக்கு 0.21%, ஐந்து லட்சத்துக்கு 0.04%. சுமையின் உச்சம் 7,500-இல் இருக்கிறது!

கொடுமை படி மாறும் இடத்தில்தான். 7,450 வாங்கியவருக்கு 100 ரூபாய் சம்பளம் கூடினால் அரையாண்டுக்கு 600 ரூபாய் கூடுதல் வரவு. ஆனால் வரி 425-லிருந்து 930-க்குத் தாவும். 600-இல் 505 போய்விடும்.

ஏன் இப்படி? அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு ஆண்டுக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி கூடாது என்கிறது. 1988-இல் 250 ஆக இருந்ததை உயர்த்தி வைத்த தொகை அது, இன்றும் அதேதான். உச்சியில் இடமில்லாததால் 2024-இல் சென்னை மாநகராட்சி வரியை உயர்த்தியபோது கீழ் மூன்று படிகள் மட்டுமே ஏறின: 135, 315, 690 ஆக இருந்தவை 180, 425, 930 ஆயின. மேல் இரண்டும் அப்படியே. அதாவது மாதம் பத்தாயிரத்துக்குள் வாங்குபவர்கள் மட்டுமே கூடுதலாகக் கட்டினார்கள்.

மற்ற மாநிலங்கள்? கர்நாடகத்தில் மாதம் 25,000-க்குக் கீழே தொழில் வரியே கிடையாது. அதைத் தொட்டால் ஒரேயடியாக ஆண்டுக்கு 2,500. அதுவும் தாவல்தான், ஆனால் உச்சச் சுமை 0.83%. தெலங்கானாவில் 15,000 வரை விலக்கு. டெல்லியில் இந்த வரியே இல்லை. மகாராஷ்டிரத்தில் பெண்களுக்கு 25,000 வரை விலக்கு உண்டு. ஆனால் 7,501 வாங்கும் ஆணுக்கு மாதம் 175, அதாவது 2.33%, சென்னையைவிட மோசம். ஐந்து லட்சக்காரருக்கோ பெங்களூரு, மும்பை, சென்னை எல்லாம் ஒன்றுதான்.

இன்னொன்று. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர் தொழில் வரியைக் கழித்துக்கொள்ளலாம். 30% படியில் இருப்பவருக்கு, வரி மீதான 4% செஸ்ஸையும் சேர்த்தால், 2,500-இல் 780 ரூபாய் மிச்சம். வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத ஏழைக்கு அந்தக் கழிவால் ஒரு பைசா பயனில்லை.

அரையாண்டின் நடுவே வேலை மாறுபவர்கள் பழைய நிறுவனத்தின் சம்பளச் சீட்டைப் புதிய இடத்தில் கொடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் பிடித்துவிடுவார்கள். மாதாமாதம் பிடிக்கும் இடங்களில் 208 ரூபாய் என்று வரும். 1,250-ஐ ஆறால் வகுத்த கணக்கு.

2,500 உச்சவரம்பை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். விலக்கு வரம்பை உயர்த்த அது தேவையில்லை, மாநில அரசே செய்யலாம். உள்ளாட்சிகளுக்கு வருவாய் குறையும் என்பார்கள், உண்மைதான். அந்தத் தொகையை மாநில நிதியிலிருந்து ஈடுகட்டிவிட்டு, மாதம் 3,500 என்று நிற்கும் வரம்பை முதலில் 15,000-க்காவது கொண்டுபோகட்டும்.