கோத்தகிரி மழைக்கும் உங்கள் த்ரெட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?

"தம்பி, நான் போட்டது 42 கிலோ தேயிலைக் கொழுந்து. போன்ல 118 காட்டுது. அப்புறம் பிடிச்சுக்குவாங்களா?"

ஃபேக்டரியில் போட்ட எடையைப் போனில் காட்டும் ஆப்பைப் பார்த்துவிட்டு, கோத்தகிரி அருகே அரவேணுப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டார். நேர்மையான மனுஷன். அந்த 118 யாருடையது என்று எனக்குத் தெரியும். அதே நொடியில் வேறு ஊரில் தராசு ஏறிய இன்னொருவருடையது.

அந்த ஆப்பை எழுதிய சென்னை ஆபீசுக்குப் போன் போட்டேன். முதல் கேள்வியே, "அங்க மழையா ஜி? நெட்டு விட்டு விட்டு வருதா?"

ஐப்பசியில் கோத்தகிரியில் மழை பெய்யாமல் வெயிலா கொளுத்தும்? சில்வர் ஓக் கம்பி மேல் சாயும், கரண்ட் போகும், எங்களுக்குப் பழகிப்போச்சு. ஆனால் நெட்டு போனால் எடை வராமல்தான் போகும். அடுத்தவன் எடை என் கணக்கில் வந்து உட்காராது!

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் ஈரத்துக்குக் கழிக்கும் எடை, விலை எல்லாம் வேறு வேறு என்பதால் அந்தக் கணக்கைச் சின்னச் சின்ன ஜாவாஸ்கிரிப்டாக எழுதி, ஜாவா சர்வருக்குள், ஜாவாஸ்கிரிப்டைப் புரிந்துகொள்ளும் நாஷார்ன் என்ற எஞ்சினில் ஓட்டுகிறார்கள். (அந்த நாஷார்னை ஜாவா 15 தூக்கி எறிந்தது 2020-இல். இவர்கள் இன்னும் ஜாவா 8-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.) இருப்பது ஒரே ஒரு எஞ்சின், அதுவும் ஸ்டாட்டிக், அதாவது எல்லோருக்கும் பொது. கோரிக்கைகளை வாங்கும் டாம்கேட் சர்வரிலோ 200 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் 200 கை. முதல் த்ரெட் 'எடை' என்ற பெயரில் 42-ஐ வைக்கிறது. கணக்கு ஓடுவதற்குள் இரண்டாவது த்ரெட் அதே பெயரில் 118-ஐ வைக்கிறது. இரண்டு பேருக்கும் 118. ஒரே தராசில் இரண்டு பேர் மூட்டையை ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்த கதை!

த்ரெட் பாதுகாப்பு, அதாவது பல த்ரெட் ஒன்றாகத் தொட்டாலும் கெடாத குணம், உண்டா என்று நாஷார்னிடமே கேட்கலாம். 'த்ரெடிங்' என்ற சாவியைக் கொடுத்தால் நல், அதாவது ஒன்றுமில்லை, என்று பதில் வரும். என்னை நம்பாதே என்று அதுவே சொல்கிறது. யார் கேட்டார்கள்?

"எங்ககிட்ட சரியாத்தான் வருது" என்கிறார்கள். வராமல் என்ன செய்யும்? ஏசி ரூமில் ஒரு ஆள் ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தால் சரியாகத்தான் வரும். இங்கே சாயங்காலம் நாலரைக்கு மலை முழுக்க ஒரே நேரத்தில் எடை போடுகிறார்களே!

சண்டை போட்ட பிறகு, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் என்று பூட்டும் சிங்க்ரனைஸ்டு போட்டார்கள். 200 த்ரெட்டும் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்றன. அப்புறம் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது எஞ்சின். ஒவ்வொன்றும் அதே ஸ்கிரிப்டை முதலிலிருந்து கம்பைல் செய்து கிளாஸ் கிளாஸாகக் கொட்டியதில் கிளாஸ்களை வைக்கும் மெட்டாஸ்பேஸ் என்ற மெமரி வீங்கி சர்வர் படுத்தது. அதற்கு மருந்து, ராத்திரி 2 மணிக்கு ரீஸ்டார்ட்!

எட்டு எஞ்சின் வைத்து ஒரு பூல் (எடுத்துவிட்டுத் திருப்பி வைக்கும் பொதுக் கையிருப்பு) போடுங்கள், ஸ்கிரிப்டை எஞ்சினுக்கு ஒரு முறை கம்பைல் செய்து வையுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது பைண்டிங்ஸ் (மதிப்புகளை வைக்கும் தனிப் பெட்டி) கொடுங்கள் என்று கரடியாகக் கத்தினேன். ஒருவழியாகப் போட்டார்கள். ஆனால் எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கும் வரியை, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலிக்குள் வைக்கவில்லை. எடைக் கட்டத்தில் யாரோ "நாற்பது" என்று எழுத்தில் அடிக்க, ஸ்கிரிப்ட் வெடித்தது, எஞ்சின் திரும்பவில்லை. எட்டு தடவை அப்படி. எட்டும் போச்சு. மிச்ச த்ரெட்டெல்லாம் எஞ்சினுக்காகக் காத்துக் கிடந்தன.

நேற்று மறுபடி போன். "சர்வர் நிக்குது ஜி. அங்க மழையா?"

வெயில் அடிக்குதுய்யா. துணி காயப் போட்டிருக்கேன்.