தனுஷ்கோடி காலி இடம் இல்லை

தனுஷ்கோடி மணலில் சிக்கிக்கொண்ட நம் மதுரைப் பையன்களின் காரை மீனவர்கள் இழுத்துவிடுகிற அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம் மதுரைக் குழுக்களில் அதைப் பார்க்காத ஆள் இருக்க முடியாது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று, சிரித்தாயிற்று, நாலு குழுவுக்குத் தள்ளியும் விட்டாயிற்று. என் மச்சான் எங்கள் குடும்பக் குழுவிலேயே போட்டு, கீழே விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை வேறு வைத்திருக்கிறார்.

கார் மணலில் இறங்கியதுகூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை. வயசுப் பையன்கள், புதுக் கார், எதிரே பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டம், ஓட்டிக்கொண்டு போய்ப் பறக்கவிட்டு ரீல்ஸ் எடுக்கலாம் என்று ஒரு ஆசை. புத்தி கெட்ட வேலைதான், சரி, வயசு. எனக்குப் பொறுக்காமல் போனது அந்தத் தலைப்பு. "தனுஷ்கோடி மீனவர்களின் பகல் கொள்ளை, உஷார் மக்களே." காரை வெளியே இழுத்துவிட இரண்டாயிரம் ரூபாய் கேட்டார்களாம். அதுதான் கொள்ளையாம்.

வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். கயிறு அவர்களுடையது. டயருக்கு அடியில் கொடுத்த பலகை அவர்களுடையது. முழங்கால் வரை சேற்றில் நின்று தள்ளுகிறவர்களில் ஒருவருக்கு என் அப்பா வயது இருக்கும். காருக்குச் சொந்தக்காரத் தம்பி எங்கே? ஓரமாக நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். செருப்புகூட நனையவில்லை. ராத்திரி நேரத்தில் ரிங் ரோட்டில் வண்டி நின்றுபோனால் இழுத்துப் போக என்ன கேட்பார்கள் என்று தெரியாதவர்களா நாம்? அங்கே பேரம் பேசாமல் கொடுப்போம். இங்கே கேட்டால் கொள்ளை.

நான் அதன் கீழே போட்டது ஒரே ஒரு வரி. "தம்பி, காரை அங்கே இறக்கச் சொன்னது யார்?" அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்.ஜி.ஓ. காசு வாங்குகிறவன், சொந்த ஊரைக் காட்டிக்கொடுக்கிறவன், மீன் குழம்புக்கு விலைபோனவன். கடைசியாகச் சொன்னதை வேண்டுமானால் பாதி ஒத்துக்கொள்ளலாம், பாம்பன் பக்கத்து மீன் குழம்பு அப்படி.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். அது காலி இடம் இல்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ஊர் போனது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஆட்களோடு அலையில் போனது, மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. இது நம் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் யூடியூபில் வாரத்துக்கு ஒருவர் இருட்டுப் பின்னணி இசை போட்டுச் சொல்கிறார். ஆனால் அந்தப் புயலுக்கு அப்புறமும் கடலை விட்டுப் போகாமல் அங்கேயே குடிசை போட்டுத் தொழில் செய்கிற குடும்பங்கள் இருப்பதை எந்த யூடியூபரும் தலைப்பில் வைப்பதில்லை. மணலில் கையால் தோண்டிய ஊற்றுக் குழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மொண்டு குடம் நிறைக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் ட்ரோன் அவர்கள் தலைக்கு மேலேதான் பறந்தது. அவர்கள் வலை காயப்போடுகிற இடத்தில்தான் கார் நிற்கிறது. நம் மொட்டை மாடியில் காயப்போட்ட வற்றல் மேல் எவனாவது வந்து உட்கார்ந்து செல்ஃபி எடுத்தால், 'வாங்க, அதிதி தேவோ பவ' என்றா சொல்வோம்?

என் சித்தியைத் தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. சித்தப்பா படகு இன்ஜின் மெக்கானிக். பள்ளிக்கூட முழுப்பரீட்சை லீவு என்றால் எங்களுக்கு அங்கேதான். சித்தி வீட்டுக்குப் பின்னால் ஒரு அக்கா இருந்தார், பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்துப் பாசி என்பார்கள் (நம் பூ மார்க்கெட் மரிக்கொழுந்து இல்லை, கடலுக்குள் பாறையில் வளர்வது). அதிலிருந்துதான் அகர் அகர் எடுக்கிறார்கள். நம் ஜிகர்தண்டாவில் வழுக்கிக்கொண்டு போகிற கடல்பாசி இருக்கிறதே, அந்த வகையறா. கிளம்புவதற்கு முன்னால் அந்த அக்கா திண்ணையில் உட்கார்ந்து பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றுவார். பல்லால் கடித்து இறுக்கி முடிச்சுப் போடுவார். இவ்வளவு சுற்றியும் திரும்பி வரும்போது விரல் நுனி பிளந்துதான் இருக்கும். மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் போவார்.

அந்த அக்கா பாசி எடுத்த கடல்தான் மன்னார் வளைகுடா. 1986-இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அறிவித்தது நல்லதுதான், பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது, அதைத் தடுத்தாக வேண்டும். ஆனால் தடை யார் மேல் முதலில் விழுந்தது? தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்த இந்தப் பெண்கள் மேல். தீவுப் பக்கம் போனால் கேசு, படகு பறிமுதல். இத்தனைக்கும் அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம், பாசி வளரும் பருவத்தில் கடலில் இறங்கமாட்டோம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு இதற்காகவே 2015-இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கொடுத்தார்கள். நம் குழுக்களில் அன்றைக்கு யாராவது பகிர்ந்தோமா? ரூபாய் இரண்டாயிரம் கேட்டதை மட்டும் தமிழ்நாடு முழுக்கப் பகிர்ந்தாயிற்று.

இப்போது பூநாரைக்கு வருகிறேன். "பறவை பறக்கத்தானே செய்யும், அதை ஓடவிட்டா என்ன?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அண்ணே, அது நம் வீட்டு மைனா இல்லை. குளிர்காலத்தில் வெகுதூரம் பறந்து வந்து, அந்த ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றை அரித்து அரித்துத் தின்கிற பறவை. நிம்மதியாகத் தின்றால்தான் திரும்பிப் போகத் தெம்பு சேரும். ஒவ்வொரு கார் வந்து விரட்டும்போதும் தின்றது பறக்கிறதிலேயே தீர்ந்துபோகிறது. அதற்காகத்தான் 2025 ஜூனில் அங்கே சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தார்கள். கடலாமை முட்டையிடும் கரையும் அதே பக்கம்தான். காலி மணல் என்று நீங்கள் நினைத்த இடத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் பாருங்கள், ஆதார் கார்டு இல்லாதவர்களையும் சேர்த்து.

அடுத்து எல்லோரும் தூக்கிக்கொண்டு வருகிற வாதம். "சுற்றுலா வந்தால்தானே அவங்களுக்கு வருமானம்? நாங்க வரலைன்னா பட்டினிதான்."

இதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. எந்த வருமானம்? 2017-இல் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கும் முன்னால், வழியில் வருகிற முகுந்தராயர் சத்திரத்தில் நம் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளூர் வேனில் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்து, மணலில் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். மண்டை மேலே இடிக்கும், முதுகு போய்விடும். ஆனால் அந்தக் காசு உள்ளூர் டிரைவர் கைக்குப் போனது. எந்த இடத்தில் மணல் பொறுக்கும், எந்த இடத்தில் வாங்கும் என்று அவருக்குத் தெரியும், பறவை இருக்கிற பக்கம் வண்டியைத் திருப்பமாட்டார். சாலை வந்ததும் நம் கார் நேரே முனை வரை போகிறது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அங்கே பிரசவ வலி வந்தால் சாலை வேண்டும். ஆனால் வருமானம் கொடுக்கிறோம் என்று மார் தட்டாதீர்கள். மதுரையிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகிறோம், தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக டிக்கியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். கொடுப்பது பார்க்கிங் காசு, விட்டுவிட்டு வருவது பாட்டில். மீன் வறுத்துக் கொடுக்கிற அக்காவிடம், 'ஒரு துண்டு எக்ஸ்ட்ரா வைங்க' என்று வேறு கேட்கிறோம்.

"அரசாங்கம் குப்பைத் தொட்டி வைக்கலையே" என்பவர்களுக்கு: ஆமாம், போதாது. இன்னும் வைக்க வேண்டும். காலிப் பாட்டில் நிறைந்த பாட்டிலைவிடக் கனமா? கொண்டுபோன கையால் கொண்டுவரலாம்.

"பக்தர்களைக் குறை சொல்றியா?" என்றும் ஒருவர் ஆரம்பித்தார். ஐயா, எங்கள் தாத்தாவுக்குத் திதி கொடுக்க நானும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் இறங்கியவன்தான். பாவத்தைக் கடலில் விடச் சொன்னார்கள், பழைய வேட்டியையும் சேர்த்து விடச் சொல்லவில்லை. இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம், நான் எதிர்பார்க்காத இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போவார்கள்.

போன வருஷம் குடும்பத்தோடு போயிருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். தனுஷ்கோடியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துப் பாட்டுப் போலக் குரல் கொடுத்துப் பின்னாலேயே நடந்து நடந்து இழுக்க வேண்டும். நம் மதுரைப் பதிவு டி.என். 59 வேன் ஒன்றிலிருந்து இறங்கிய கூட்டம் நேரே போய்க் கயிற்றின் நடுவில் நின்றுகொண்டது. இழுக்கிற மாதிரி போஸ். ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர். வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கயிற்றை இடுப்பில் தாங்கிக்கொண்டு, அவர்கள் எடுத்து முடிக்கிற வரைக்கும் நின்றார். திட்டவில்லை. 'சீக்கிரம் எடுத்துக்கங்க தம்பி, மீன் போயிரும்' என்றார், அவ்வளவுதான். வலை கரைக்கு வந்ததும் மடியைப் பிரித்தார்கள். கொஞ்சம் சூடை, கொஞ்சம் காரல், மிச்சமெல்லாம் சொறிமீனும் கேரி பேக்கும். ஒரு பையை அவர் உதறி மணலில் போட்டார். நம்மூர் ஜவுளிக்கடைப் பை. வேனில் வந்ததா, வைகையில் மிதந்து வந்ததா, யாருக்குத் தெரியும்? வைகை போய்ச் சேர்கிற இடமும் ராமநாதபுரம் பக்கம் ஆற்றங்கரைக் கடல்தான். 2019 ஜனவரியிலிருந்து தடை செய்த பை. சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் ஆற்றில் இறங்கிப் பாருங்கள், தடை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அன்றைக்கு அந்த மீனில் ஒரு கூறு வாங்கவில்லை. விலை கேட்டார்கள். 'மதுரையிலேயே இந்த ரேட்டுதானே' என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள்.

"மதுரைக்காரனா இருந்துக்கிட்டு மதுரைக்காரனையே சொல்றியே" என்று கேட்டவர்களுக்குத்தான் இது. ஆமாம், மதுரைக்காரனாக இருப்பதால்தான் கேட்கிறேன். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் என்று ஏலம் விட்டபோது என்ன செய்தோம்? 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்துச் சனம் கிழவன் கிழவி எல்லாம் மதுரைக்கு நடந்து வந்தது. ஏலம் ரத்தானது. அன்றைக்கு 'அங்க வெறும் பாறைதானே, காலியாத்தானே கிடக்கு' என்று எவனாவது சொல்லியிருந்தால் விட்டிருப்போமா? நம் மலை என்றால் அதில் சமணர் படுக்கை இருக்கிறது, ஊற்று இருக்கிறது, கழுகு இருக்கிறது, குலசாமி இருக்கிறது. அவர்கள் கரை என்றால் மட்டும் வெறும் மணல். ராமேஸ்வரம் மீனவர்கள் கைது என்று செய்தி ஓடும்போது நாம் சேனல் மாற்றுகிறோம். அதே ஆட்கள் இரண்டாயிரம் கேட்டுவிட்டால் நமக்கு நியாய தர்மமெல்லாம் ஞாபகம் வருகிறது.

பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து கூட்டம் கூடிக்கொண்டுதான் போகிறது. கொடைக்கானலுக்கு நீதிமன்றம் சொல்லி இ-பாஸ் வந்ததே, தனுஷ்கோடிக்கும் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வைக்கட்டும். என் வண்டியையே மண்டபத்தில் மறித்துத் திருப்பி அனுப்பினாலும் சரி, பரமக்குடியில் காபி குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். முகுந்தராயர் சத்திரத்தோடு காரை நிறுத்தி, அங்கிருந்து உள்ளூர்க்காரர்கள் ஓட்டுகிற வண்டியில் மட்டும் போகட்டும். இது நடக்காத காரியம் என்பவர்கள் கொஞ்சம் வடக்கே தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறார்கள், கயாக் இருக்கிறது, வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். படகு ஓட்டுவது அந்த ஊர் மீனவர், நண்டும் மீனும் சமைத்துப் போடுவது அந்த ஊர்ப் பெண்கள். காசு அங்கேயே நிற்கிறது.

மச்சான், உங்களுக்கும்தான் சொல்கிறேன், பொங்கல் லீவுக்கு வேன் பேசியிருக்கிறீர்களாமே, அங்கேயே போங்கள். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். திடுதிப்பென்று ஒரு வேன் ஆட்களோடு போய் இறங்கி, 'இன்னும் ஆகலையா' என்று அந்தப் பெண்கள் மேல் சத்தம் போட்டுவிட்டு, அப்புறம் அதையும் வீடியோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள்.